கிராணி ஐயாவின் சப்பாத்து

அங்சி மலையில் ஏறுகிறவர்களுக்கு இப்போது ஒரு புதுப் படிவம் வந்திருக்கிறது. கைப்பேசியிலேயே நிரப்பலாம். தண்ணீர் இருக்கிறதா, டிக். சாப்பாடு, டிக். காலுக்குச் சப்பாத்து, டிக். இப்போது வேலையில் இருக்கும் வழிகாட்டிகள் இரண்டு பேர் போன மாதம் சிரம்பானுக்குப் பக்கத்தில் பாரோயில் என் வீட்டுக்கு வந்து அதைக் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"நீங்க எதுக்குண்ணே எல்லார் சப்பாத்தையும் வாங்கி வாங்கி மடிச்சுப் பாத்தீங்க? இப்ப நாங்க கேட்டா ஆளுங்க சிரிக்கிறாங்க லா" என்றான் ஒருவன்.

சொன்னால் நேரமாகும் என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்தவரை எழுதுகிறேன்.

பிறந்தது லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில். பதினாறு வயதில் பால்வெட்டுக்கு இறங்கினேன். வெளிச்சம் வருகிற நேரத்தில் மரத்துக்கு மரம் போகும்போது, தூரத்தில் வானத்துக்கு அடியில் ஒரு நீலக்கோடு தெரியும். அது மலை என்று தெரியும். அங்கே மனிதன் போகலாம் என்று தெரியாது. நிலா மாதிரி, பார்ப்பதற்கு மட்டும் உள்ள ஒன்று என்று நினைத்திருந்தேன்.

தோட்டம் கைமாறியது. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். நாங்கள் பாரோய்க்கு வந்தோம். உலு பெண்டுலில், அதே மலையின் அடிவாரத்தில், பாதை வெட்டும் வேலை கிடைத்தது. புல் வெட்டினேன். படி கட்டினேன். செங்குத்தான இடங்களில் கயிறு கட்டினேன். நான்கு வருடம் கழித்து மாலிம் குனோங் ஆனேன். மலாயில் மலை வழிகாட்டிக்கு அதுதான் பெயர். இருபத்தெட்டு வருடம் அந்த வேலை.

முதல் முதலாக உச்சிக்குப் போனது தோளில் கயிற்றுச் சுருளோடு. விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மரங்கள் திடீரென்று விலகின. எதிரே ஒன்றும் இல்லை. மேகம் எனக்குக் கீழே கிடந்தது. வெள்ளையாக, அசையாமல். நான் கயிற்றை இறக்கி வைக்க மறந்து அப்படியே நின்றேன். பிறகு மேகம் விலகியது. கீழே பச்சை. அதற்கப்பால் பிடி என்கிற கடற்கரை ஊர்ப் பக்கத்தில் கடல் ஒரு தகடு மாதிரி மின்னியது. எங்கள் தோட்டம் எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. பதினாறு வயதிலிருந்து நடந்து நடந்து ஓயாத தோட்டம். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் வாழ்ந்து முடித்தார்கள். கையை நீட்டினால் என் கட்டைவிரல் நகம் மறைக்கிற இடத்துக்குள் அது எங்கோ இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஏறினேன். ஒவ்வொரு தடவையும் தேடினேன். கிடைத்ததில்லை.

என் மேலாள் பெயரை எழுத வேண்டாம். எல்லாரும் பாக் லாங் என்றுதான் கூப்பிட்டோம். மலாய்க்காரர். மூத்த ரேஞ்சர். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர், அதனால் தமிழ் பேசுவார். அவர் தமிழில் 'நீங்க' கிடையாது. புல் வெட்டுகிறவனும் நீ, டாக்டரும் நீ, போலீஸ் பெரிய அதிகாரியும் நீ.

மலையேறும் நாளில் காலை ஏழு மணிக்கு ஒரு பச்சைக் கித்தானை விரிப்பார். ஒவ்வொருவரும் வந்து பையை அதில் கொட்ட வேண்டும். கேள்வி கேட்பது அவருக்குப் பிடிக்காது.

"தண்ணி இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லுவான். நீ கேக்காத. நீ பாரு" என்பார்.

ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் பையைக் கொட்டினார். இஸ்திரி போட்ட சட்டை விழுந்தது. சீப்பு விழுந்தது. முகப் பவுடர் விழுந்தது. ஒரே ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டி.

"நீ கல்யாணத்துக்குப் போறியா?" என்றார் பாக் லாங்.

"மேல போய்ப் படம் எடுக்கணும்..."

"தண்ணி இல்லன்னா நாங்கதான் உன்ன படம் எடுக்கணும். தூக்கிட்டு வர்றப்ப."

அந்த மனிதர் கடைக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். கோபப்படவில்லை. பாக் லாங்கிடம் யாரும் கோபப்பட்டதில்லை. அவர் எல்லாரையும் ஒரே மாதிரி கொட்டச் சொன்னார், அதனால்.

ஆளுக்கு இரண்டு பெரிய புட்டி தண்ணீர். அழுக்குக் கையோடு தின்னக்கூடிய சாப்பாடு. மழைச்சட்டை. விசில். மருந்து சாப்பிடுகிறவர் மருந்து. டார்ச் லைட், பகலில் ஏறினாலும். பெரிய மழை மூடினால் அந்தக் காட்டுக்குள் பகல் இருக்காது. அட்டைக்கு உப்பு. வீட்டில் ஒருவருக்காவது எந்த மலை, எந்த வழி என்று சொல்லியிருக்க வேண்டும். ஏறுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு குவளை தண்ணீர் அவர் கண் முன்னால் குடிக்க வேண்டும். பன்னிரண்டு மணி ஆனால், எங்கே நின்றாலும், உச்சிக்குப் பத்தடி கீழே நின்றாலும், திரும்ப வேண்டும். மதியத்துக்கு மேல்தான் அங்கே மழை.

கடைசியில் சப்பாத்து. கழற்றச் சொல்வார். குதியை ஒரு கையில், முனையை ஒரு கையில் பிடித்து வில்லு மாதிரி மடிப்பார். பெருவிரலால் அடிப்பாகத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்துவார். பழைய சப்பாத்து என்றால் கிழிசல் தெரிந்துவிடும். அதைவிட மோசமானது பெட்டியில் வருடக்கணக்காகக் கிடந்த புதுச் சப்பாத்து. நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே மக்கிப் போயிருக்கும். வெளியே பளபளப்பு. மடித்தால் ரொட்டித் தூள் மாதிரி உதிரும். அப்படி உதிர்ந்தால் பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து எடுத்துக் கொடுப்பார். பால்வெட்டுக்காரர் போடுவது. விலை மலிவு, அடியில் முள்முள்ளாக இருக்கும், சேற்றில் வழுக்காது. நாங்கள் வழிகாட்டிகள் எல்லாரும் அதுதான் போட்டோம்.

அதோடு ஓடை. பாதை ஒரு மலை ஓடையை ஓரிடத்தில் தாண்டிப் போகிறது. அங்கே மூன்று எட்டு வைத்தால் அக்கரை. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பாக் லாங் அங்கே வந்ததும் நின்றுவிடுவார். தண்ணீரைப் பார்ப்பார். மூக்கைத் தூக்குவார். காதைக் கொடுப்பார். பிறகுதான் தாண்டுவார். கெப்பாலா ஆயர் என்று ஒன்று இருக்கிறது என்பார். தண்ணீரின் தலை. மேலே மழை பெய்யும், கீழே வெயில் அடிக்கும். தண்ணீர் நிறம் மாறும், இலையும் குச்சியும் கூட்டமாக வரும், மண் வாடை அடிக்கும். அப்புறம் தலை வரும். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பார்த்ததில்லை.

இனி அந்த நாள். பாக் லாங் அன்றைக்கு வேறு வேலையாகப் போயிருந்தார், கித்தான் எங்கள் கையில்.

பிடியிலிருந்து ஏழு பேர் வருவதாகப் பதிவு. எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், ஒருவருடைய மகள் தவிர. வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான்காவதாக இறங்கியவரைப் பார்த்து என் கையிலிருந்த பெயர்த்தாள் கீழே விழுந்தது.

எங்கள் தோட்டத்துக் கிராணி ஐயா.

இருபத்தைந்து வருடம் பார்க்கவில்லை. தலை வெளுத்திருந்தது. நடை அதே நடை. எழுபது வயது என்று தாளில் இருந்தது, பெயரைப் படித்தபோது அவர்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிராணி என்றால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, தோட்டத்தில் துரைக்கு அடுத்தது அவர்தான். விடியற்காலையில் பெரட்டுக்கு நாங்கள் வரிசையாக நிற்போம். அவர் பெயர் வாசிப்பார். வாசித்தால் வேலை, வாசிக்காவிட்டால் வீடு. ஆபீஸ் படிக்குக் கீழே நின்றுதான் அவரோடு பேசுவோம். ரப்பர்ச் சப்பாத்தைப் பத்தடி தள்ளிக் கழற்றிவிட்டு வர வேண்டும். அடித்ததில்லை, வைததில்லை. அவர் பார்த்தால் போதும்.

என்னைப் பார்த்தார்.

"நீ பெரியண்ணன்ர மகன் காளிமுத்தல்லோ? மூன்றாம் லயம்?"

"ஆமாங்க ஐயா."

"இஞ்ச என்ன செய்யிறாய்?"

"நான்தாங்க ஐயா வழிகாட்டி."

"அப்ப இண்டைக்கு நீ சொல்றதத்தான் நான் கேக்கோணும்" என்று சிரித்தார். மகள் சுகந்தியும் சிரித்தாள். அவள் பள்ளி ஆசிரியை. இருவரும் பிடியிலேயே சி ரூசாவில் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர் வாசிக்க வேண்டும். ஆறு பேரை வாசித்தேன். அவர் பெயர் வந்ததும் வாய் நின்றுவிட்டது. அவர் வாய் என்னை வாசித்த வாய். நான் எப்படி அவரை வாசிப்பது. "ஐயா வந்துட்டாங்க" என்று சொல்லித் தாளை மடித்தேன்.

என் கூட வேலை செய்த சேகர் பைகளைக் கொட்டவைத்தான். கிராணி ஐயாவின் பை ஒழுங்காக இருந்தது. எல்லாம் துணிப்பையில் தனித்தனியாக. சப்பாத்து என் வேலை. ஒவ்வொருவராகக் கழற்றச் சொல்லி மடித்துப் பார்த்தேன். அவருக்கு முன்னால் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டியிருந்தார். பழுப்புத் தோல், கணுக்காலுக்கு மேல் வரும் உயரம், ஒரு கீறல் இல்லை. கழற்றுங்கள் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மண்டியிட்டு நானே தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் என்னால் முடியவில்லை.

"சப்பாத்து புதுசுங்களா ஐயா?"

"புதுசு மாதிரித்தான். மகள் வெளிநாட்டில படிக்கேக்க வாங்கித் தந்தவள். ரெண்டு தரம் போட்டிருப்பன். பெட்டிக்குள்ள கனகாலம் கிடந்தது."

என் காதில் விழுந்தது. பெட்டிக்குள்ள கனகாலம். பாக் லாங் எந்தச் சப்பாத்துக்குப் பயப்படுவாரோ, அதையே அவர் வாயால் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனேன். தாளில் அவர் பெயருக்கு நேராகச் சரி என்று குறித்தேன். பொய்க் குறி.

எட்டு மணிக்கு ஏறினோம். கிராணி ஐயா நன்றாக நடந்தார். மூச்சை வீணாக்கவில்லை. ஓடையைத் தாண்டி, பாதை செங்குத்தாகும் இடத்தில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. ஐந்து பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாது. அதன் வேர்கள் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கும். அங்கே நின்றார். தொப்பியைக் கழற்றி நிமிர்ந்து பார்த்தார். கிளை தொடங்கும் இடமே தெரியாது.

"வாழ்க்கை முழுக்க மரம் எண்ணினன் காளிமுத்து. வரிசை வரிசையா. எத்தனை ஆயிரம். இப்படி ஒண்டு எண்ணேல்லை."

கையை அதன் பட்டையில் வைத்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். தூரத்தில் உங்கா என்கிற வாலில்லாக் குரங்குகள் கூவின. காடு முழுவதும் கேட்டது. நான் அந்த மரத்தை எத்தனையோ தடவை கடந்து போனவன். அன்றைக்கு நானும் நின்று பார்த்தேன்.

பதினொன்றரைக்கு உச்சி. வானம் துடைத்த மாதிரி. கிராணி ஐயா ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் தென்மேற்கே பார்த்தார்.

"ஆபீஸ் ஜன்னலால தினம் இந்த மலையைப் பாப்பன். நீலமா ஒரு கோடு. ஒருநாள் அங்க நிண்டு இஞ்ச பாக்கோணும் எண்டு நினைப்பன்."

"நானும் பாப்பேங்க ஐயா. வெட்டுக்குப் போறப்ப."

என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே கோட்டை இருவரும் பார்த்திருக்கிறோம். அவர் ஜன்னலிலிருந்து, நான் மரத்தடியிலிருந்து. அது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"தோட்டம் தெரியுதோ?" என்றார்.

"தெரியலீங்க ஐயா. எத்தனையோ வருசமா தேடுறேன்."

என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கையை நீட்டினார். "கடலைப் பார். அதில இருந்து உள்ளுக்கு வா. ஆறு வெள்ளையா வளையுது. அந்த வளைவுக்கு இந்தப் பக்கம் ரெண்டு மேடு. முதல் மேட்டிலதான் ஆபீஸ் இருந்தது. ரெண்டாவதுக்குக் கீழ உங்கட லயம். தோட்டத்துப் படத்தை நான்தான் கீறினனான். எனக்குத் தெரியாதோ?"

பார்த்தேன். ஆறு. வளைவு. முதல் மேடு. இரண்டாவது மேடு. எல்லாம் செம்பனைப் பச்சை. ஆனால் அதுதான். அப்பா அங்கேதான். அம்மா அங்கேதான். கண்ணை எடுத்தால் மறுபடி தொலைந்துவிடும் என்று பயந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ண்ணே, மணி பன்னண்டே கால்" என்றான் சேகர்.

அது என் இரண்டாவது தவறு. கால் மணி நேரம்.

இறங்கினோம். கயிறு கட்டிய சரிவில் கிராணி ஐயா எனக்கு முன்னால் போனார். திடீரென்று உட்கார்ந்த வாக்கில் சறுக்கினார். ஒரு வேரைப் பிடித்து நின்றுவிட்டார். முழங்கை சிராய்த்தது. எழுந்து காலைத் தூக்கினார். வலது சப்பாத்தின் அடி முழுசாகச் சேற்றில் கிடந்தது. கையில் எடுத்தேன். தூள் தூளாக உதிர்ந்தது. பத்து எட்டு வைப்பதற்குள் இடது சப்பாத்தும் அப்படியே போயிற்று. மேலே தோல் பளபளவென்று இருந்தது. கீழே வழுவழுவென்று உள்தகடு மட்டும். அதோடு அந்தச் சரிவில் ஒரு எட்டு வைக்க முடியாது.

கயிற்றால் கட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. மேலே இடி உறுமியது. எங்களுக்கு மேல் வானம் இன்னும் நீலம்தான். மலைக்குப் பின்பக்கம் கறுத்திருந்தது.

ஓடை என் தலைக்குள் வந்துவிட்டது.

"சேகர், நீ எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கு. ஓடைய தாண்டி, மேட்டுல நில்லு. நான் ஐயாவ கூட்டிட்டு வர்றேன்."

"அப்பாவ விட்டுட்டு நான் போகமாட்டன்" என்றாள் சுகந்தி.

"போ பிள்ளை" என்றார் கிராணி ஐயா. "நீ நிண்டா எனக்கு இன்னொரு ஆளைப் பற்றின யோசனை. போ."

அவள் போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நான் உட்கார்ந்து என் ரப்பர்ச் சப்பாத்தைக் கழற்றினேன். அவர் முன்னால் மண்டியிட்டேன். காலையில் மடங்காத முட்டி அப்போது மடங்கியது.

"இத போட்டுக்குங்க ஐயா."

அதைப் பார்த்தார். பத்தடி தள்ளிக் கழற்றச் சொன்ன சப்பாத்து. என் வியர்வையும் சேறும் உள்ளே இருந்தன.

"உன்ர கால்?"

"பழகுன கால்தாங்க."

காலை நீட்டினார். அவருடைய கனத்த கம்பளிக் காலுறையைக் கழற்றினால்தான் சப்பாத்து ஏறும். கழற்றினார். நான் போட்டுவிட்டேன். அளவு கொஞ்சம் இறுக்கம். எழுந்து நின்று அழுத்திப் பார்த்தார். பிடித்தது. கையிலிருந்த கம்பளி உறையை என்னிடம் நீட்டினார்.

"வெறுங்காலோட வராத. இதப் போடு."

கிராணி ஐயாவின் காலுறையில் நான், என் சப்பாத்தில் அவர். அப்படி இறங்கினோம். ஈரப் பாறையில் கம்பளி நன்றாகப் பிடிக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஓடைக்கு வந்தபோது மற்றவர்கள் அக்கரையில் இருந்தார்கள். சேகர் தண்ணீர் ஓரத்துக்கே வந்து நின்றான்.

"வாங்கண்ணே! மூணு எட்டுதானே! நாங்க இப்பத்தான் தாண்டுனோம்!"

மழை இல்லை. மரங்களுக்கிடையே வெயில் விழுந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கிராணி ஐயா ஒரு காலை வைத்துவிட்டார்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். தேத்தண்ணீர் நிறம். ஒரு இலை வந்தது. பத்து இலை வந்தது. குச்சிகள் ஒன்றோடொன்று பின்னி வந்தன. தோண்டிய மண்ணின் வாடை. பூச்சிகள் எல்லாம் சத்தத்தை நிறுத்தியிருந்தன.

"சேகர், மேல ஓடு! எல்லாரையும் மேல ஏத்து!"

"அப்பா!" என்று கத்தினாள் சுகந்தி.

"மூண்டு எட்டுத்தானே காளிமுத்து" என்றார் கிராணி ஐயா. "மகள் அங்க நிக்கிறாள்."

"வேணாம்."

"நான் தாண்டிடுவன்."

"ஏறு!" என்றேன். "மேல ஏறு! திரும்பிப் பாக்காத, ஏறு!"

என் வாழ்க்கையில் அவரை அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவை. அவர் ஏறினார். அவர் இடுப்பைத் தள்ளிக்கொண்டு நான் ஏறினேன். ஒரு மரத்தின் வேரைப் பிடித்துத் திரும்பியபோது சத்தம் வந்தது. கல் ஏற்றிய லொரிகள் வரிசையாக இறங்குகிற மாதிரி.

பிறகு அது வந்தது.

தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஒரு பழுப்புச் சுவர். முன்பக்கம் முழுவதும் கட்டையும் வேரும் நுரையும். ஒரு முழு மரம் அதில் எழுந்து நின்றது, நின்றபடியே போனது. அடியில் பாறைகள் முட்டிக்கொள்வது காதில் கேட்கவில்லை, காலில் கேட்டது. நிலம் நடுங்கியது. நாங்கள் தாண்டவிருந்த மூன்று எட்டு இருந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு அது ஓடியது. மேலே வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. நுரையில் வானவில் கூடத் தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சம்.

எனக்குப் பயம் வரவில்லை. பயத்துக்கு மேலே ஒன்று வந்தது. அதற்குப் பெயர் தெரியாது. நான் இவ்வளவு காலம் எதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கிராணி ஐயா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. அக்கரையில் மேட்டில் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. சுகந்தி. சேகர் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் விசிலை எடுத்து ஊதினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆள் குறையவில்லை என்பதற்கு எங்கள் அடையாளம் அது; அக்கரையிலிருந்தும் மூன்று வந்தது. எல்லாரும் இருந்தார்கள்.

தண்ணீர் வடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. மேட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் பாதி கொடுத்தார். என் காலுறையைப் பார்த்தார். அவருடைய காலைப் பார்த்தார்.

"காலையில எல்லாற்றை சப்பாத்தையும் வாங்கி மடிச்சுப் பாத்தாய். என்ரய ஏன் பாக்கேல்லை?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடியலீங்க ஐயா."

"ஏன்?"

"நீங்க கிராணி ஐயா."

ஒரு கட்டை சுழன்று சுழன்று போனது. அது மறையும் வரை பார்த்தார்.

"ஆபீஸ் படியில உங்களைச் சப்பாத்தைக் கழட்டச் சொன்னது நான்தான்" என்றார். "நீ இன்னும் அதைத் திருப்பிப் போடேல்லை."

நான் குனிந்து காலுறையிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டேன்.

ஐந்து மணிக்கு, கயிறு கட்டித் தாண்டினோம். சுகந்தி அப்பாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். "இதென்னப்பா கோலம்?" என்று அழுகையோடு சிரித்தாள். அடிவாரத்தில் கிராணி ஐயா சப்பாத்தைத் தானே கழற்றினார். குழாயடிக்குப் போய்ச் சேறு போகக் கழுவினார். உள்ளே கையை விட்டும் கழுவினார். நான் வாங்கப் போனேன். தரவில்லை. கழுவி முடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு வேனில் ஏறினார்.

மறுநாள் பாக் லாங்கிடம் தாளைக் காட்டினேன். பொய்க் குறியை அடித்து, பார்க்கவில்லை என்று எழுதியிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ மலைக்குப் பயந்தியா, கிராணிக்குப் பயந்தியா?"

"கிராணிக்கு."

"கிராணி உன்ன என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது."

"மல?"

நான் நிமிர்ந்து மலையைப் பார்த்தேன்.

"ஓடையில நின்ன. அது நல்லது" என்றார். "ஒரு மாசம் நீ ஏற வேணாம்லா. கீழ உக்காரு. சப்பாத்து மட்டும் பாரு."

அவ்வளவுதான். கத்தவில்லை. மேலிடத்துக்கு அறிக்கையை அவரே எழுதினார். அதில் என் தவறும் இருந்தது, அவர் பெயரும் இருந்தது, பொறுப்பாளர் என்று.

ஒரு மாதம் கித்தான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை ஜோடி என்று தெரியாது. மடித்தேன், அழுத்தினேன், திருப்பிக் கொடுத்தேன். சேகர் கேலி செய்வான். "ண்ணே, கடை போட்டுடலாம்லா, பாலிசும் போட்டுக் குடுங்க." எல்லாரும் மேலே போவார்கள். நான் கீழே இருந்து அந்த மலையைப் பார்ப்பேன். உச்சியில் மேகம் வந்து உட்காரும், எழுந்து போகும். பதினாறு வயதில் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. பாக் லாங் பெயர்த்தாளை என்னிடம் கொடுத்தார். "நீ படி" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். தாளைப் பார்த்தேன். முதல் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தேன்.

கித்தானில் முதல் ஆளாக அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுகந்தி. கையில் ஒரு ஜோடி கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. புதுசு. சிரம்பான் பசாரில் வாங்கியதாம். இரண்டையும் என் மடியில் வைத்தார்.

"மடிச்சுப் பாரும்" என்றார்.

மடித்தேன். சுற்றிலும் பெருவிரலால் அழுத்தினேன். ரப்பர் திமிறிக்கொண்டு நேரானது. ஒரு துகள் உதிரவில்லை. திருப்பிக் கொடுத்தேன். பிறகு எழுந்து நின்றேன். தாளைப் பிரித்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"செல்லத்துரை."

கிராணி ஐயா கித்தானிலிருந்து எழுந்தார். கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, பெரட்டில் நாங்கள் நிற்கிற மாதிரி, நேராக நின்றார்.

"இருக்கிறன்" என்றார்.